வெள்ளிக்கிழமைச் சீட்டு

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
28-8-1944

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பஞ்சநாதம் நமஸ்காரம். உன் ஆசியால் இருவரும் சுகமாக இருக்கிறோம். சிவகாமுவுக்குக் கால் வீக்கம் மட்டும் குறையவில்லை. தாயார் இல்லாத பெண், பிரசவம் இங்கேயேதான். அங்கே மாமாவின் இருமல் எப்படி?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையில் இதுவரை எந்தக் கிளைக்காரர் நேரில் வந்து ஜாஸ்தி சத்தம் போடுகிறாரோ அவர் கடைக்கு லாரி போகும். வாயில்லாத கிளைக்கு ஒன்றும் போகாது. என்ன தீர்ந்தது என்று தெரிந்தவர் அங்கே இருக்கிறார், லாரி அனுப்புகிறவர் இங்கே இருக்கிறார். நடுவில் சேதி இல்லை. ஆகையால் நான் ஒரு யோசனை சொன்னேன். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு கிளையும் ஒரு சீட்டு எழுதவேண்டும். இடது பக்கம் சாமானின் பெயர், வலது பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று. எல்லாச் சீட்டையும் இங்கே ஒரே பலகையில் குத்திவைத்துப் பார்த்தால் எங்கே மிச்சம், எங்கே குறை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை லாரி அதன்படி புறப்படும்.

செயலாளர் தில்லைநாதன் ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். சிதம்பரம் பெண்கள் கிளைக்கு நீ பொறுப்பாக இருப்பதால் உன் சீட்டு ஒழுங்காக வரும் என்று அவரிடம் தைரியமாகச் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
பஞ்சநாதம்

*

சிவமயம்
சிதம்பரம், தாரண வருஷம் ஆவணி 20

சிரஞ்சீவி தம்பிக்கு அக்காள் கல்யாணசுந்தரி எழுதிக்கொண்டது. நடராசர் கிருபையால் இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமாவின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார். சிவகாமுவை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்ளச் சொல்.

சீட்டைப்பற்றி எழுதினாய். பள்ளிக்கூடம் போகாதவள் நான். கோவிலில் ஓதுவார் பாடப் பாட, மடியில் பதிகப் புத்தகத்தை விரித்துக்கொண்டு சத்தத்தையும் எழுத்தையும் பொருத்திப் பார்த்துப் படித்தவள். ஆனாலும் வீட்டுக் கணக்கு ஒரு நாளும் விட்டதில்லை. சீட்டு எனக்குப் பெரிதல்ல. "கவர்னர் துரைக்கு அக்கா ஆபீசுக்குக் கிளம்பிட்டாங்க" என்று உன் மாமா கேலி செய்கிறார்.

கடையில் என்னோடு இருப்பது பக்கிரி ஒருவன்தான். ரேஷன் அட்டையைப் பார்த்து நான் எழுதுவேன், அவன் அளப்பான். சாவி அவன் இடுப்பில். இராப்படுக்கையும் கடையிலேயே. பெண்கள் வரிசையில் எவளாவது சண்டை பிடித்தால் அவன் ஒரு பேச்சுப் பேசுவான், சண்டை போட வந்தவள் சிரித்துவிடுவாள். இப்படி ஒரு ஆள் இருந்தால் எந்தக் கடையும் நடக்கும்.

சிவகாமுவுக்காகத் தினம் சிவகாமி சந்நிதியில் விளக்குப் போடுகிறேன்.

இப்படிக்கு ஆசீர்வாதத்துடன்,
அக்காள்

*

கடலூர்
9-10-1944

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய குங்குமப் பிரசாதம் வந்தது. சிவகாமு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். இங்கே எல்லாரும் நலம். அங்கே மழை ஆரம்பித்ததா?

பலகை வேலை செய்கிறது. திருவதிகைக் கிளையில் மண்ணெண்ணெய் தேங்கிக் கிடப்பதும், அதே வாரம் உன் கிளையில் எண்ணெய் போதாமல் இருப்பதும் முன்பு யாருக்குத் தெரியும்? பலகையில் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கண்ணில் பட்டது, மாற்றி அனுப்பினோம். புதிதாக ஒரு டின் எண்ணெய்கூட வாங்காமல் இரண்டு ஊரில் விளக்கு எரிந்தது. தில்லைநாதன் கமிட்டியில் என் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். உன் சீட்டை எல்லாருக்கும் காட்டி, "எழுதினால் இப்படி எழுதவேண்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

சிவகாமுவுக்கு நாள் நெருங்குகிறது. வேண்டிக்கொள்.

பஞ்சநாதம்

*

சிவமயம்
சிதம்பரம், ஐப்பசி 15

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். சிவகாமு எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரியாவது எழுதக்கூடாதா? நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

நேற்று லாரி வரவில்லை. ஏன் வரவில்லை? மழையில் விடியற்காலையிலிருந்து பெண்கள் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். கீரப்பாளையத்துப் பக்கமிருந்து சவரியம்மாள் என்று ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு நடந்தே வருகிறவள். கதவு திறந்து வெறும் தரையைப் பார்த்ததும் என்னிடம், "சாமி கும்புட்டுட்டுத்தான் கடை தெறப்பீங்க. எங்க சாமிக்கிட்டயும் சொல்லியிருந்தா நானும் வேண்டியிருப்பேனே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வெறும் பையோடு போனார்கள். எத்தனை வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வெந்ததோ.

நான் வெள்ளிக்கிழமை ஒழுங்காகச் சீட்டு அனுப்பினேன். நீங்கள் பலகையைப் பார்க்கிறீர்களா, அதற்குப் பூப் போட்டுப் பூஜை செய்கிறீர்களா? லாரியைக் குமராட்சிக் கிளைக்கு அனுப்பினீர்களாமே, டிரைவர் சொல்லித் தெரிந்தது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உடனே அரிசி வேண்டும்.

அக்காள்

*

கடலூர்
2-11-1944

அக்காவுக்கு நமஸ்காரம். சனிக்கிழமை இரவு சிவகாமுவுக்குப் பெண் குழந்தை. இருவரும் சுகம். பிரசவம் சிரமமாக இருந்தது, அதனால் எழுத முடியவில்லை.

அரிசி நாளை வரும். உன் சீட்டில் "அரிசி நிறைந்திருக்கிறது" என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லாரி குமராட்சிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை நிறைந்திருந்த அரிசி திங்கட்கிழமைக்குள் எங்கே போயிற்று என்று செயலாளர் கேட்கிறார். நடுவில் மூன்று இரவு கடையில் இருந்தது யார் என்றும் கேட்டார். சாவி பக்கிரியிடம் என்று சொல்லவேண்டியதாயிற்று. அவரே நேரில் புறப்பட்டு வருகிறார்.

குழந்தைக்குப் பெயர் யோசித்து எழுது.

பஞ்சநாதம்

*

சிவமயம்
சிதம்பரம், கார்த்திகை 2

சிரஞ்சீவி தம்பிக்கும் சிவகாமுவுக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். சிவகாமி சந்நிதியில் அர்ச்சனை செய்து பிரசாதம் அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்றவள் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக்கூடாது. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டச் சொல். பெயர் மங்கலம் என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது, உங்கள் இஷ்டம்.

பதில் எழுத நாள் ஆகிவிட்டது. உன் மாமாவுக்குச் சளி.

செயலாளர் வந்தார். வரிசையில் பெண்கள் நின்றுகொண்டிருந்த நேரம். பக்கிரியைக் கேட்டார். "வெள்ளிக்கெழமையே தீந்து போச்சுங்க. அம்மாவக் கேளுங்க" என்று அவன் சொன்னான். செயலாளர் என் பக்கம் திரும்பினார். சீட்டில் எழுதினது நான்தான் என்று சொன்னேன். அவர் சாவியைக் கேட்டார், அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். வரிசையில் இருந்தவர்கள் அவனை என்னென்னவோ பேசினார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

இப்போது அளப்பதற்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். பக்கிரி அப்படிப்பட்டவன் இல்லை. இதை நீ செயலாளரிடம் சொல்லலாமே.

இங்கே அடைமழை. வேறு விசேஷம் இல்லை.

அக்காள்

*

கடலூர்
22-11-1944

அன்புள்ள அக்கா,

குழந்தைக்கு மங்கலம் என்றே பெயர் வைத்தோம். சிவகாமு எழுந்து நடமாடுகிறாள். மாமாவின் சளி தேவலையா?

பக்கிரி விஷயத்தைக் கமிட்டி போலீசுக்குக் கொடுக்க யோசிக்கிறது. இந்த நாளில் அரிசி விஷயம் என்றால் சும்மா விடமாட்டார்கள். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. இதைப்பற்றி யாருக்கும் ஒன்றும் எழுதவும் வேண்டாம். பெண்கள் கிளை வேண்டுமா என்றே சிலர் பேசுகிறார்கள். பலகையும் இப்போதுதான் நிலைத்திருக்கிறது. தானாக அடங்கிவிடும்.

பஞ்சநாதம்

*

சிவமயம்
சிதம்பரம், கார்த்திகை 22

சிரஞ்சீவி தம்பிக்கு அக்காள் எழுதுவது. குழந்தை மங்கலம் சுகமாக இருக்கவேண்டும். உங்களுக்கும் எங்களுக்கும் ஆண்டவன் நல்ல புத்தி கொடுக்கவேண்டும்.

"யாருக்கும் எழுதவேண்டாம்" என்ற உன் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? "அரிசிப் பானை நெறஞ்சிருக்குடா, ஓடு" என்று அம்மா சொன்னால், பையை எடுத்துக்கொண்டு செட்டியார் கடைக்கு ஓடினவன் நீதானே. அரிசி இல்லை என்று நம் வீட்டில் எந்த வாய் சொல்லியிருக்கிறது?

மற்ற வாரமெல்லாம் மூட்டைக் கணக்கு இருந்தது, எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக ஒன்றும் இல்லாமற் போயிற்று. அரிசி என்று எழுதி அதற்கு எதிரே ஒரு சுழி போடக் கை ஓடவில்லை. வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் வேளை, அந்தக் காகிதம் பிள்ளை பிறக்கப்போகிற ஊருக்குப் போகிறது. இல்லை என்ற சொல்லை அந்தத் திக்குக்கு நான் அனுப்புவேனா? நிறைந்திருக்கிறது என்று எழுதினேன். நீ படிப்பாய், புரிந்துகொள்வாய் என்று இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான், அது வீட்டு வார்த்தை, ஆபீசுக்கு அதன் அர்த்தம் வேறு என்று உறைத்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். பக்கிரி "அம்மாவக் கேளுங்க" என்று சொன்னபோது என் மடியில் தினக்கணக்கு இருந்தது. கடைசிப் படிவரை யார் யார் வாங்கினார்கள் என்று அதில் இருக்கிறது. விரித்துக் காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். செயலாளர், "உங்க சீட்டே போதும், உங்க கணக்கு தப்பாது" என்று சொல்லிவிட்டார். அத்தனை பெண்களுக்கு முன்னால் தப்பிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கம். இவ்வளவுதான் காரணம். என் வெட்கத்துக்காக ஒருவனைத் திருடனாக நிற்கவிட்டேன். அன்றிலிருந்து பதிகம் சொன்னால் நாக்கு நடுவில் நின்றுவிடுகிறது.

நேற்று பக்கிரி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் பெண்சாதி செல்லாயி கேட்டுக்கொண்டே அடுப்பை ஊதினாள். பிறகு நிமிர்ந்து, "இல்லன்னு எழுத கை வரல, சரி. வேணும்னு எழுதக்கூடவா கை வரல? அதுக்கு எந்தச் சாமி குத்தம் சொல்லுது?" என்றாள். அவர்கள் பிள்ளைகளைத் தெருவில் அரிசித் திருடன் மக்கள் என்று கூப்பிடுகிறார்களாம்.

செயலாளருக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, தினக்கணக்கையும் சேர்த்து இன்று காலையிலேயே தபாலில் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போட்டால் நீ தடுப்பாய். நீ அறிந்திருந்தாய் என்று அதில் எழுதவில்லை. அதை எழுதவேண்டியவள் நான் அல்ல.

அக்காள்

*

கடலூர்
20-12-1944

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள். எனக்குத்தான் உன்னை நேரில் பார்க்க முகம் இல்லை.

சீட்டு வந்த அன்று வீட்டில் வலி கண்டிருந்தது. எழுத்தை எழுத்தாகப் படித்துப் பலகையில் குத்திவிட்டு ஓடினேன். உன் கோபக் கடிதம் வந்த நிமிஷத்தில் அம்மாவின் குரல் காதில் கேட்டுவிட்டது. அப்போதே செயலாளரிடம் போயிருக்கலாம். என் அக்கா சாஸ்திரம் பார்த்து எழுதிவிட்டாள் என்று சொன்னால் என் திட்டத்தையே சிரித்து மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். பக்கிரி நான் பார்த்திராத ஆள். பார்க்காதவன் பெயர்மேல் பழி விழுந்தால் எழுத்தில் அது கனமாகத் தெரியவில்லை.

கமிட்டியில் உன் கடிதத்தைத் தில்லைநாதன் சத்தமாகப் படித்தார். சிரித்தார்கள். "பொம்பளைங்க கையில கடையைக் குடுத்தா சாமி கணக்குதான் வரும்" என்று ஒருவர் சொன்னார். அப்போது திருவதிகைக் கிளை ராஜமாணிக்கம் எழுந்தார். "சிரிக்காதீங்க. எனக்குச் சரக்கு தீந்துட்டா நான் 'சுமார்'னு எழுதறேன். இல்லன்னு எழுதினா முன்னாடியே ஏன் சொல்லலன்னு திட்டு விழுது. அந்தம்மாவாவது சாமிக்குப் பயந்தாங்க, நான் உங்களுக்குப் பயப்படறேன்" என்றார். குமராட்சி கண்ணாயிரம் இன்னும் ஒரு படி மேலே போனார். கொள்ளிடம் பெருகினால் ரோடு அறுந்துவிடும் என்று, கடையில் மூட்டை அடுக்கியிருக்கும்போதே இல்லை என்று எழுதுவாராம். உன் கடைக்கு வரவேண்டிய அரிசி போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

யாரும் அப்புறம் சிரிக்கவில்லை. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பலகையில் தொங்கினது சரக்கின் சேதி அல்ல, அக்கா. அவரவர் கூச்சமும் பயமும்.

நான் எழுந்து, எனக்கும் தெரிந்திருந்தது என்று சொன்னேன். ஒரு மாதச் சம்பளத்தில் பாதி பிடிக்கிறார்கள், அது இருக்கட்டும். சீட்டை மாற்றிவிட்டோம். இனி "இருப்பது" என்பதற்குப் பக்கத்தில் "வரவேண்டியது" என்று ஒரு கட்டம். தீர்ந்துவிட்டால் எத்தனை மூட்டை வேண்டும் என்று எழுதினால் போதும், இல்லை என்று எழுதவே வேண்டாம். எழுதினதற்காக யாரையும் திட்டுவதில்லை என்றும் தீர்மானம். ஒவ்வொரு கிளைக்கும் நானே போய், அவர்கள் என்ன வார்த்தை எழுதினால் என்ன அர்த்தம் என்று கேட்டு வரப்போகிறேன். அந்தக் கட்டம் யார் யோசனை என்று செயலாளர் கேட்டார். எனக்குத் தோன்றியது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

பக்கிரிக்கு வேலையும் சாவியும் திரும்பக் கொடுக்க உத்தரவு. நேற்று அவனை வரவழைத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "இங்க கடலூர்ல யாரு என்னைத் திருடன்னாங்க? எடுத்த எடத்துல குடுங்க. அம்மா அவுங்க வாயால சொல்லட்டும்" என்றான். சாவியைத் தபாலில் உனக்கு அனுப்பியிருக்கிறேன்.

பஞ்சநாதம்

*

சிவமயம்
சிதம்பரம், தை 18

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் உன் மாமாவுக்கு இருமல் திரும்பிவிட்டது, இப்போது குணம். குழந்தை குப்புற விழுந்தாளா?

சாவி கிடைத்ததும் பக்கிரியை வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று உன் மாமாகூடச் சொன்னார். வெள்ளிக்கிழமைதான் வரிசை நீளமாக இருக்கும். அன்றைக்குப் பேசினவர்கள் அத்தனை பேரும் வருவார்கள்.

அவன் வந்து படிக்குக் கீழே நின்றான். நான் வாசலில் நின்று சொன்னேன். "ஐப்பசி மாசம் அந்த வெள்ளிக்கிழமை இந்தக் கடையில அரிசி இல்லை. இல்லாததை நான் இருக்குதுன்னு படிக்கிற மாதிரி எழுதிட்டேன். பக்கிரி ஒரு மணிகூட எடுக்கலை. அது தெரிஞ்சும் நான் பேசாம நின்னேன்." அரிசி இல்லை என்று சொன்னதும் வரிசையில் இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சவரியம்மாள்தான், "அது கெடக்கட்டும், இன்னிக்கி இருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப அந்த மனுசன் கையில சாவியக் குடுங்க, கால் கடுக்குது" என்றாள். அன்றைக்கு அவனைப் பேசினவர்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் பையை உதறினார்கள். அவ்வளவுதான். நான் இரண்டு மாதம் பயந்த பேச்சு அவர்களுக்கு ஒரு நிமிஷம்.

பக்கிரி சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டான். "இனிமே சீட்டு எழுதுனா எனக்குப் படிச்சிக் காட்டிட்டு அனுப்புங்க" என்றான். சரி என்றேன்.

கட்டத்தின் யோசனையைச் செயலாளர் உன்னுடையது என்று எடுத்துக்கொண்டார் என்கிறாய். அது செல்லாயி என் முகத்தில் எறிந்த சொல். அவள் பெயரை நீ கமிட்டியில் சொல்லவேண்டும். சொன்னாயா என்று நான் கேட்கமாட்டேன். கிளை கிளையாகப் போகும்போது இந்த ஊருக்கும் வருவாய், அவள் வீட்டைக் காட்டுகிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நிற்கிறேன். இருப்பது இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். அவன் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான். முடிந்ததும் "ம்" என்கிறான். வரிசையில் வருகிறவர்களோடு பழையபடி வாயாடுகிறான், அவர்களும் சிரிக்கிறார்கள். என்னிடம் அந்த "ம்" தவிர இதுவரை வேறு பேச்சு இல்லை. அது வந்த பிறகுதான் சீட்டு தபாலுக்குப் போகிறது.

சிவகாமுவையும் குழந்தையையும் மாசி மகத்துக்கு அழைத்து வா.

இப்படிக்கு,
அக்காள் கல்யாணசுந்தரி